ராஸ்ப்பெரி பை 5-இல் தமிழ் மாடல்: வேகம் போதவில்லை, நடுநடுவே உடைந்த எழுத்து

கம்பிச்சுருள்:

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு மூத்தோர் நடவடிக்கை நிலையத்துக்கு, இணையம் இல்லாமல் ஓடும் தமிழ்க் கேள்வி-பதில் பெட்டி தேவைப்படுகிறது. வகுப்பு நேரம், சாஸ் அட்டை (கிளினிக் கட்டணச் சலுகை), மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), இந்த மாதிரிக் கேள்விகள்தான். அறிவிப்புத் தாள்கள் சுமார் 60 பக்கம் பிடிஎஃப்பாக உள்ளன.

போர்டு ராஸ்ப்பெரி பை 5 (கையளவு கணினி), 8 ஜிபி ரேம். மாடல் ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் வி3, மெட்டாவின் லாமா வழி வந்த 8பி (சுமார் 800 கோடி எடைகள்), க்யூ4_கே_எம் (எடைகளைச் சுமார் 4 பிட்டுக்குச் சுருக்கிய கோப்பு). அதை ஓட்டும் லாமா.சிபிபி-யில் கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரையின் அளவு) 16384 டோக்கன், அதாவது சொல்துண்டு. கூடவே பேச்சைப் பிடிக்க விஸ்பர் ஸ்மால். மைக்ரோ எஸ்டி கார்டு, வெறும் ஹீட்சிங்க், லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜர்.

வேகம் நொடிக்கு 2 டோக்கன்கூட இல்லை. சில நேரம் ஒரு டோக்கனுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. பதிலின் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்கள் வருகின்றன. க்யூ2-க்கு, அதாவது 2 பிட்டுக்கு, இறக்கினால் சரியாகுமா?

நாலுபிட்:

க்யூ2 பக்கம் போகாதீங்க. தமிழ்தான் முதல்ல கெடும்.

ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடலோட எடைகள் முழுசையும் ரேமிலிருந்து ஒரு தடவை படிச்சாகணும். பை 5-இல் இருக்கிறது 32 பிட் எல்பிடிடிஆர்4எக்ஸ்-4267. 4267 × 4 பைட், நொடிக்கு 17 ஜிபி. உங்க கோப்பு 4.9 ஜிபி. வகுத்தா 3.5 டோக்கன். அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்குக் கிடைக்கிறது 2 பக்கம்தான். சிபியுவை ஓவர்கிளாக் பண்ணினாலும் பெருசா மாறாது, ஏன்னா காத்திருக்கிறது கணக்குக்கு இல்ல, ரேமுக்கு.

டோக்கனுக்கு ஒரு நிமிஷம்ங்கிறது வேற நோய். கேவி கேஷைப் (படிச்ச டோக்கன்களுக்காக மாடல் ரேமில் வச்சுக்கிற இடைக்கணக்கு) பாருங்க: 32 அடுக்கு × 8 கேவி தலை × 128 × 2 (கே, வி) × 2 பைட், டோக்கனுக்கு 128 கேபி. 16384-க்கு 2 ஜிபி. மாடலோட சேர்த்து 6.9 ஜிபி. அதுக்கு மேல விஸ்பர், டெஸ்க்டாப். 8 ஜிபியில் அடங்காது. லாமா.சிபிபி கோப்பை எம்மேப் பண்றதால (வேணுங்கிற பகுதியை வேணுங்கிறப்ப கார்டிலிருந்து எடுக்கிற முறை) "இடமில்லை"ன்னு சொல்லி நிக்காது. ரேமிலிருந்து விழுந்த பக்கங்களை கார்டிலிருந்து சத்தமில்லாம மறுபடி படிக்கும். நொடிக்கு 90 எம்பி தர்ற கார்டில் 4.9 ஜிபி படிக்க 55 நொடி. உங்க ஒரு நிமிஷம் அதுதான். கான்டெக்ஸ்டை 4096 ஆக்குங்க (512 எம்பி), டெஸ்க்டாப்பை நிறுத்துங்க, எம்லாக் (மாடலை ரேமிலேயே பூட்டி வைக்கிறது) போடுங்க. இடம் போதலன்னா தொடக்கத்திலேயே தெரிஞ்சிடும்.

அடுத்தது சார்ஜர். 65 வாட்னு எழுதியிருந்தாலும் 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும்; மிச்சமெல்லாம் 9, 15, 20 வோல்ட்டில். பை 5 கேக்கிறது 5 வோல்ட் 5 ஆம்பியர். பை 5-க்குன்னே வர்ற 27 வாட் அடாப்டரை வாங்குங்க; பிரிட்டன் வகைன்னா நம்ம மூணு முள் பிளக்தான். பையோட நிலையைக் காட்டுற விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட்_த்ராட்டில்ட் அடிச்சு 50005 வந்தா மின்னழுத்தம் இப்பவே குறைவா இருக்கு, வேகத்தையும் குறைச்சிருக்குன்னு அர்த்தம். 50000 வந்தா முன்னாடி எப்பவோ நடந்திருக்கு. 80 டிகிரி தாண்டினா வெப்பத்துக்காகத் தனியா வேகம் குறையும். ஏர்கான் இல்லாத இடத்தில் 32 டிகிரி காத்தை வச்சுக்கிட்டு வெறும் ஹீட்சிங்க் தாங்காது. விசிறி வச்ச கூலர் அவசியம்.

மெய்யெழுத்து:

கறுப்புக் கட்டத்துக்கு மாடல் பொறுப்பல்ல. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "வணக்கம்" என்பது 7 குறியீடு, 21 பைட். உரையை டோக்கன்களாக நறுக்கும் டோக்கனைசர் ஒரு குறியீட்டின் நடுவிலேயே வெட்டக்கூடும்; முதல் இரண்டு பைட் ஒரு டோக்கனிலும் மூன்றாவது அடுத்ததிலும் வரும். நீங்கள் டோக்கன் வந்ததுமே எழுத்தாக மாற்றி அச்சிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பைத்தானின் இன்கிரிமென்டல் டிகோடரை வைத்து, மூன்று பைட்டும் சேரும்வரை நிறுத்திவையுங்கள். பேச்சொலி மென்பொருளுக்கு அனுப்புவதானால் வாக்கியம் முடியும்வரை பொறுப்பது நல்லது. இல்லாவிட்டால் "கொ" வருமுன் "க" என்று வாசித்துவிடும்.

வேகத்தை டோக்கனில் அளப்பதே தமிழுக்குத் தப்புக்கணக்கு. உங்கள் அறிவிப்பிலிருந்து 100 சொல் எடுத்து டோக்கனைசரில் விட்டு, சொல்லுக்கு எத்தனை என்று பாருங்கள். 8 என்று வந்தால், நொடிக்கு 2 டோக்கன் வேகத்தில் ஒரு சொல்லுக்கு 4 நொடி. லாமா 3-இன் சொற்தொகுதி (அதற்குத் தெரிந்த துண்டுகளின் பட்டியல்) 1,28,000 அளவில். கூகலின் ஜெம்மா 3-இன் சொற்தொகுதி 2,62,000, தமிழையும் குறைவாகவே நறுக்குகிறது. அதன் 4பி மாடல் க்யூ4_கே_எம்-இல் ஏறக்குறைய 2.5 ஜிபி. ஆக இரண்டு பக்கமும் ஆதாயம்.

பிட்டைக் குறைப்பது பற்றி: ஐமேட்ரிக்ஸ் (முக்கியமான எடைகளைக் காக்கும் பட்டியல்) போட்டுக் குறைத்த கோப்பு என்றால், எந்த உரையை வைத்து எந்த எடை முக்கியம் என்று முடிவுசெய்தார்கள் எனப் பாருங்கள். ஆங்கில உரை மட்டும் என்றால் தமிழுக்கு வேண்டிய எடைகளே தேயும். உங்கள் 60 பக்கத்தையும் சேர்த்து நீங்களே உருவாக்கலாம். தானியங்கிச் சோதனை மதிப்பெண்ணை நம்பாதீர்கள். கோஹியர் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிட் குறைத்த மாடல்களை வைத்து 2024-இல் காட்டியது: ஜப்பானிய மொழியில் தானியங்கி அளவீடு சராசரியாக 1.7% சரிவு சொன்ன இடத்தில், மனிதர்கள் படித்துப் பார்த்தபோது 16% சரிவு.

கம்பிச்சுருள்:

நன்றி. கான்டெக்ஸ்ட் 4096, புது அடாப்டர், கூலர் மூன்றும் ஆயிற்று. ஒரு நிமிட நிறுத்தம் போய்விட்டது. டிகோடரும் சரி. ஆனால் கேள்வி கேட்டபின் முதல் சொல் வரவே நெடுநேரம் ஆகிறது. சிஸ்டம் பிராம்ப்ட் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தல்) தமிழில் ஒரு பக்கம், அதன்மேல் இன்றைய தேதியும் நேரமும், பிறகு தேடி எடுத்த 5 பத்தி.

பொத்தான்:

தேதியையும் நேரத்தையும் மேலே வச்சதுதான் கோளாறு. முன்பகுதி எழுத்து மாறாம இருந்தா அதோட கேவி கேஷ் அப்படியே மறுபடி பயன்படும். முதல் வரி மாறினா கீழே இருக்கிற அத்தனையும் திரும்பக் கணக்குப் போடணும். மாறாதது மேலே, தேதியும் நேரமும் பத்தியும் கேள்வியும் கடைசியில். சிஸ்டம் பிராம்ப்டை ஆங்கிலத்தில் எழுதி "தமிழில் பதில் சொல்"னு ஒரு வரி சேருங்க, டோக்கன் நல்லா குறையும். 5 பத்தி வேணாம், 2 போதும்.

இன்னொண்ணு, அண்ணே. மெடிசேவ் தொகை, சாஸ் தகுதியெல்லாம் 4 பிட் மாடல் வாயால வரக்கூடாது. எண்ணை மாத்திச் சொல்லிட்டா பெரியவங்க அதை நம்பிக்கிட்டு கிளினிக்குக்குப் போவாங்க. தேடி எடுத்த பத்தியை அப்படியே திரையில் காட்டுங்க, அப்படியே வாசிக்கவும் விடுங்க. மாடல் வேண்டியது பொதுப்பேச்சுக்கு மட்டும்.

தேடலுக்கு மல்டிலிங்குவல் இ5 ஸ்மால் (கேள்விக்குப் பொருள் பொருந்துற பத்தியைக் கண்டுபிடிக்கிற சின்ன மாடல்) பைக்குத் தாங்கும். கேள்விக்கு முன்னாடி "குவெரி", பத்திக்கு முன்னாடி "பேசேஜ்"ங்கிற ஆங்கில முன்னொட்டை, முக்காற்புள்ளியோட, போடாட்டி பொருத்தம் தடுமாறும். அது தர்ற பொருத்த மதிப்பெண்கள் பெரும்பாலும் 0.7-க்கும் 1-க்கும் நடுவுலயே நெருக்கியடிச்சு நிக்கும். 0.5-ஐ எல்லையா வச்சா எல்லாமே பொருந்தும். உங்க தாள்களில் பதில் இல்லாத 30 கேள்வியை ஓடவிட்டு, அதுங்க வாங்கின உச்சத்துக்குச் சற்று மேல எல்லையை வையுங்க.

மெய்யெழுத்து:

பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையை என்எஃப்சி-க்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுத் தேடலுக்கான அட்டவணை போடுங்கள். "கொ"வில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருந்தால் அது ஒன்றாக்கிவிடும். "கௌ"வில் ஔகாரக் குறிக்குப் பதில் "ள" தட்டியிருந்தால் என்எஃப்சி தொடாது; "பௌத்த", "மௌன" போன்றவற்றை ஒருமுறை தேடிக் கையால் திருத்த வேண்டியதுதான்.