மூடிய பெட்ரோல் பங்க் இடத்தில் என்ன வரப்போகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தெருமுனை_வீடு

சென்னை அடையாறு எல்.பி. ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் தெருவின் முனையில் இருந்த பங்க்கை மூடி வருடத்துக்கு மேல் ஆகிறது. பம்புகளை அப்போதே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதுதான் கூரையையும் பிரித்து, சுற்றிலும் தகரம் அடித்து, ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டால் ‘எனக்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் சார், ஒன்றும் தெரியாது’ என்கிறார், பகல் இரண்டு மணிக்கு.

தெருவில் ஆளுக்கு ஒரு கதை ஓடுகிறது. கீழே தூண் மட்டும் நிறுத்தி வண்டி விட இடம் வைத்து (ஸ்டில்ட்) ஐந்து மாடி ஃபிளாட் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். இஸ்திரி போடுபவர் ஆஸ்பத்திரி என்று அடித்துச் சொல்கிறார். மெட்ரோ வேலைக்குச் சாமான் போட எடுத்துவிட்டார்கள், எலெக்ட்ரிக் வண்டி சார்ஜ் செய்யும் இடம், பிரியாணிக் கடை, இன்னும் என்னென்னவோ.

என்ன வந்தாலும் எனக்குச் சரிதான். ஆனால் பூமிக்கடியில் இருந்த டேங்குகளை எடுத்தார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் மழைக்காலம் முடிந்த கையோடு லேசாக ஒரு வாடை வருகிறது, மண்ணெண்ணெய் மாதிரி, சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. குடிக்க மெட்ரோ வாட்டரும் கேனும்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணறுதான். இதை யாரிடம் கேட்பது?

மாடிவீட்டு_மாமி

சார்ஜிங்கும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. இடத்துக்காரர் குடும்பத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் வருஷக்கணக்காக கேஸ் நடந்து இப்போதுதான் முடிந்திருக்கிறது, பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காய்கறிக் கடையில் கேள்வி. என்னைக் கேட்டால் அங்கே ஒரு பூங்கா வரவேண்டும். வயதானவர்கள் உட்கார இந்தப் பக்கம் ஒரு பெஞ்ச் கூட இல்லை. டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வரவில்லையா?

வில்லங்கம்_பார்ப்பவன்

மாமி, அது அரசாங்க நிலம், அதனால் நடந்தது. இது தனியார் மனையாக இருந்தால் அரசாங்கம் காசு கொடுத்து வாங்கினால்தான் பூங்கா. புதுக் கட்டடம் கட்டுபவர் திறந்தவெளிக்கென்று பத்து சதவீதம் விடவேண்டும் என்ற விதி 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் வரும். அதாவது பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். ஒரு தெருமுனை பங்க் அவ்வளவு பெரிதாக இருக்காது.

கேஸ் கதையை நம்பலாம். சென்னையில் பழைய பங்க்குகள் பலவும் ஐம்பது அறுபதுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் சொற்ப வாடகைக்கு எடுத்த குத்தகை மனைகள். எஸ்ஸோவை 1974லும் பர்மா ஷெல்லை 1976லும் அரசு எடுத்துக்கொண்டபோது, அதே நிபந்தனையில் குத்தகையைப் புதுப்பிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வேறு. மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் கட்டியவர், அந்த மனையைத் தனக்கே விற்க உத்தரவிடும்படி கோர்ட்டில் கேட்க அதன் ஒன்பதாம் பிரிவு இடம் தருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு இங்கே எத்தனையோ பங்க் வழக்குகள் தலைமுறை தாண்டி ஓடியிருக்கின்றன.

ஊகம் வேண்டாம் என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் போதும். மாமி சொல்கிற மாதிரி இடத்துக்காரரும் பில்டரும் சேர்ந்து அபிவிருத்தி ஒப்பந்தம் பதிவு செய்திருந்தால் அதில் வந்துவிடும்.

பழைய_மேனேஜர்

நான் வேறொரு பங்க்கில் வெகுகாலம் மேனேஜராக இருந்தவன். டேங்க் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தவை ஒவ்வொன்றும் 20 கிலோ லிட்டர், இரும்பு, சுற்றிலும் மணல் போட்டுப் புதைத்தது. கசிவு என்றால் எல்லோரும் டேங்க் ஓட்டையைத்தான் நினைப்பார்கள். என் அனுபவத்தில் பைப் இணைப்புகளிலும், லாரியிலிருந்து இறக்கும்போது டேங்க் வாயில் சிந்துவதிலும்தான் அதிகம் போகும். தினம் காலையில் டிப் ராட் விட்டு அளந்து கணக்கு எழுதுவோம். கொஞ்சம் குறைந்தால் ஆவியாகிப் போனது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது வழக்கம். அப்படி ஆண்டுக்கணக்கில் ஆவியானதில் எவ்வளவு மேலே போனது, எவ்வளவு கீழே போனது என்று யார் கண்டது.

டேங்க் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி: பின்சுவர் ஓரமாகப் பாருங்கள், டேங்க்கின் ஆவி வெளியேற வைத்த ஒல்லியான வென்ட் பைப்புகள் நிற்கும். குறைந்தது நாலு மீட்டர் உயரம் வைக்கவேண்டும் என்பது விதி, அதனால் தகரத்துக்கு மேலே தெரியும். அவை இன்னும் நின்றால் டேங்க்கும் பெரும்பாலும் அங்கேயேதான். டேங்க்கை எடுக்க கிரேனும் நீள டிரெய்லரும் வந்தாக வேண்டும், தெருவே வேடிக்கை பார்க்கும்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். அடியில் தங்கிய கசடை எடுத்து, தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்றி, தகுதியுள்ளவர் சோதித்து, உள்ளே ஆவி இல்லை என்று கேஸ் ஃப்ரீ சர்டிஃபிகேட் கொடுத்த பிறகுதான் கட்டிங் டார்ச் பக்கத்திலேயே வரலாம். காயலான் கடைக்காரரை நேராக உள்ளே விட்டுக் கட்டரை வைத்தால் தெரு தாங்காது.

தெருமுனை_வீடு

மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். பின்சுவரோரம் வென்ட் பைப்புகள் அப்படியே நிற்கின்றன. நன்றி சார், ஆனால் இன்று தூக்கம் போச்சு.

மண்ணும்_நீரும்

நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில். மேலே கட்டடம் வருமா கடை வருமா என்பதைவிட, அஸ்திவாரம் தோண்டும் முன் மண்ணைச் சோதித்தார்களா என்பதுதான் உங்கள் தெருவுக்கு முக்கியம். தோண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

காரணம் சொல்கிறேன். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் கடற்கரை மணல். அண்ணா நகர்ப் பக்கம் போல் களிமண்ணாக இருந்தால் சிந்தியது ஓரளவு அங்கேயே பிடித்து நிற்கும், மணலில் இறங்கிவிடும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, கலக்காமல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறும், கோடையில் இறங்கும், இடைப்பட்ட மணலிலெல்லாம் அப்பிக்கொள்ளும். மழைக்குப் பிறகு உங்கள் கிணற்றில் வாடை வருவது இதனாலும் இருக்கலாம், பக்கத்துக் கழிவுநீர்க் குழாயாலும் இருக்கலாம். சோதிக்காமல் பங்க்தான் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பில்டர் பேஸ்மென்ட் தோண்டினால் ராப்பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைப்பார். அப்போது சுற்றுவட்டத்து நிலத்தடி நீரெல்லாம் அந்தக் குழியை நோக்கி நகரும், மிதப்பதும் கூடவே வரும். இறைத்த தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ அடையாற்றுக்கோ போகும். இதைத்தான் முதலில் கேட்கவேண்டும், பால்கனி எந்தப் பக்கம் என்பதை அப்புறம் கேட்கலாம்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. 2013இல் தண்டையார்பேட்டையில் துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அது பெரிய குழாய், இது சின்ன பங்க், அளவு வேறு. ஆனால் மண்ணுக்குள் நடப்பது ஒன்றுதான்.

பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீரிலிருந்து ஆவியாகி உங்கள் சமையலறைக் காற்றுக்குத்தான் வரும். வெந்நீர்க் குளியலும் அப்படியே. 2000 பிப்ரவரிக்கு முன்பு நாட்டின் பல இடங்களில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள், பழைய பங்க் என்றால் மண்ணில் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

விலை_முக்கியம்

எல்லாம் சரி, இதையெல்லாம் ஊருக்குச் சொன்னால் நம் ஃபிளாட் விலை என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? என் வீட்டை விற்க ஏற்பாடு நடக்கிறது. கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான். நாலு வருஷம் பேசி, பேப்பரில் வந்து, கடைசியில் இடம் புதர் மண்டி பாம்புதான் வரும். சீக்கிரம் கட்டடம் வந்தால் தெருவுக்கே நல்லது.

மாடிவீட்டு_மாமி

உங்கள் வீட்டை வாங்கப்போகிறவர் அந்தத் தண்ணீரில் குளிக்கவேண்டாமா தம்பி?

வில்லங்கம்_பார்ப்பவன்

விலை கவலை நியாயம்தான், அவரைத் திட்டவேண்டாம். ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பதில்தான் ஓட்டை. குத்தகை முடிந்து சாவி கைமாறிவிட்டால், கம்பெனி நிலத்துக்காரரைக் காட்டும், அவர் பில்டரைக் காட்டுவார், பில்டர் நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்பார். அதனால் டேங்க் இன்னும் கம்பெனி பெயரில் மண்ணுக்குள் இருக்கும் இந்த நேரம்தான் எழுதிக் கேட்கத் தோதானது.

பங்க்குக்கு உரிமம் கொடுப்பது பெசோ என்ற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, டேங்க் அகற்ற விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். கூடவே மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு கடிதம். 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாரியத்துக்கு அறிவிக்கவேண்டும், மாசாக்கியவர்தான் செலவை ஏற்கவேண்டும் என்கிறது. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இருந்தாலும் தேதி போட்ட கடிதம் கையில் இருப்பது நல்லது.

மறுபடி பங்க்கே வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2020 ஜனவரி வழிகாட்டுதல்படி புது பங்க் குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், வேறு வழியே இல்லை என்றாலும் 30க்குக் கீழே கூடாது. இந்த முனையில் நடக்கிற காரியமா அது.

தெருமுனை_வீடு

கடிதம் எழுதிவிட்டேன், அசோசியேஷன் செயலாளர் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க யாரிடம் கொடுப்பது? வீட்டில் மினரல் வாட்டர் பாட்டில் இருக்கிறது, அதில் பிடித்துக் கொடுத்தால் போதுமா?

மண்ணும்_நீரும்

பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வழக்கமான குடிநீர்ச் சோதனையும் வேண்டாம், அதில் உப்பும் கடினத்தன்மையும்தான் பார்ப்பார்கள். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் லேபில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலும், எண்ணெயும், ஈயமும் என்று எழுதிக் கேளுங்கள். அவர்களே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தருவார்கள். காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடவேண்டும். உங்கள் கிணறு ஒன்று போதாது, பங்க்குக்கு மேற்கே ஒன்று, கடல் பக்கம் ஒன்று என்று எடுத்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பழைய_மேனேஜர்

என் அண்ணன் வீடு பங்க்குக்கு மேற்கேதான், அவர்கள் போர்வெல்லில் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்லி வைக்கிறேன். செலவில் என் பங்கும் உண்டு.

விலை_முக்கியம்

ரிசல்ட் வந்தால் முதலில் குரூப்பில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

தெருமுனை_வீடு

எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் சொல்வேன் சார். ஒரே ஒரு சந்தேகம்: சாம்பிள் எடுக்கும் அன்று காலையில் மோட்டார் போடாமல் வைக்கச் சொல்லவா?

மண்ணும்_நீரும்

வேண்டாம், போர்வெல் என்றால் கால் மணி நேரம் ஓடவிட்டு, பைப்பில் தேங்கியது போன பிறகு பிடியுங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடிக்காதீர்கள், மோட்டாருக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். உங்கள் திறந்த கிணற்றில் மட்டும் மேல்மட்டத் தண்ணீரையும் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.