ஐவி பிளக்கை நாள் கணக்கில் மாற்றுவதா, தேவைப்பட்டால் மட்டுமா?

வார்டு_மல்லி:
அடுத்த வாரம் எங்கள் வார்டு ஜர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரைகளை அலசும் கூட்டம்) லான்செட் மருத்துவ இதழில் வந்த 2012 ஆய்வைப் பற்றிப் பேசுகிறேன். ரிக்கார்ட் குழு குவீன்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடத்தியது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஐவி பிளக் (மருந்து ஏற்றக் கையில் செருகும் சிறு குழாய்) மாற்றிய பிரிவிலும் சரி, தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய பிரிவிலும் சரி, ஃபிளெபைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) 7 விழுக்காடுதான். அப்படியென்றால் நாள் கணக்கையே விட்டுவிடலாம் என்று முடிக்கலாமா? ஜெனீவா ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது என்கிறார் சீனியர் அக்கா ஒருவர். குழப்பமாக இருக்கிறது.

கிருமித்தடுப்பு_சேகர்:
இரண்டும் முரண்படவில்லை, அளந்த விஷயம்தான் வேறு. ரிக்கார்ட் ஆய்வு முக்கியமாக அளந்தது ஃபிளெபைட்டிஸை. அதில் மொத்தம் 5,907 பிளக்குகள், பிரிவுக்கு ஏறத்தாழ 3,000.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளின் ஆய்வு 2021இல் வந்தது. அங்கே 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிய காலத்தில் 1,30,779 பிளக்குகளுக்கு 11 ரத்தக் கிருமித்தொற்று. தேவைப்பட்டால் மட்டும் மாற்றிய காலத்தில் 1,51,833க்கு 46. பழைய முறைக்குத் திரும்பியதும் எண்ணிக்கை இறங்கியது.

இப்போது வகுத்துப் பாருங்கள். முதல் காலத்தில் சுமார் 11,900 பிளக்குக்கு ஒரு தொற்று, இரண்டாவதில் சுமார் 3,300க்கு ஒன்று. பிரிவுக்கு 3,000 பிளக் வைத்த ஆய்வில் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. "வித்தியாசம் தெரியவில்லை" என்பதை "வித்தியாசம் இல்லை" என்று ஸ்லைடில் எழுதிவிடாதீர்கள், முதல் கேள்வியே அங்கேதான் வரும்.

ஆனால் ஜெனீவா ஆய்வு குலுக்கல் முறையில் பிரித்ததல்ல, முன்-பின் ஒப்பீடு. அந்தக் காலத்தில் வேறு என்ன மாறியது என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான்.

வார்டு_மல்லி:
பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேனில் ஏதாவது இருக்கிறதா அண்ணா?

கிருமித்தடுப்பு_சேகர்:
2019 பதிப்பு: 9 ஆய்வுகள், 7,412 பேர். ஃபிளெபைட்டிஸிலும் ரத்தத் தொற்றிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. நாள் கணக்கில் மாற்றியவர்களிடம் மருந்து வெளியே கசிவதும் அடைப்பும் குறைவு, செலவு கூடுதல். இந்தக் கசிவு விஷயத்தைப் பலர் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள்.

தெக்கா_நர்ஸ்:
"தேவைப்பட்டால்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை இதுதான்: ஒவ்வொரு ஷிப்டிலும் யாராவது அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும். பிளக் போட்ட இடத்தின் அழற்சியைப் பார்வையால் மதிப்பிடும் விஐபி ஸ்கோரில் லேசான வலி அல்லது லேசான சிவப்பு, ஏதாவது ஒன்று இருந்தால் 1, கவனித்தால் போதும். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்தால் 2, எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடணும்.

நம் ஆட்களிடம் இது ஏமாற்றும். கருத்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அதனால் கையுறையோடு டிரெஸ்ஸிங் மேலேயே, ரத்தக்குழாய் போகும் வழியில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சூடு, கெட்டிப்பு, கயிறு மாதிரி தட்டுப்படுகிறதா? மற்ற கையோடு ஒப்பிடுங்கள். தமிழ் மட்டும் பேசும் பாட்டி, தாத்தாவிடம் "ஓகேவா?" என்றால் தலையாட்டிவிடுவார்கள். "மருந்து போகும்போது எரியுதா, கடுக்குதா?" என்று கேளுங்கள்.

ஃபிளஷ் பண்ணும்போது (உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவும்போது) கை தடுப்பை உணர்ந்தால் அழுத்தித் தள்ளக் கூடாது. தடுப்பு இல்லாதபோது 10 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளணும். ஹப்பை (சிரிஞ்ச் இணைக்கும் முனையை) ஆல்கஹால் துணியால் 15 விநாடி தேய்த்து, காய்ந்த பிறகே இணைக்கணும். அவசரத்தில் ஈரத்தோடு சொருகுவதுதான் அதிகம் நடக்கிறது. வியர்வையில் டிரெஸ்ஸிங் ஓரம் தூக்கினால் மேலே இன்னொரு டேப் ஒட்டாமல் முழுதாக மாற்றுங்கள்.

ஏபிஎன்_கவி:
இரண்டு சேர்க்கை. ஆம்புலன்சிலோ எமர்ஜென்சியிலோ அவசரமாக, சுத்தம் உறுதியில்லாமல் போட்ட பிளக் இந்த விவாதத்துக்குள்ளேயே வராது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் 2011 வழிகாட்டி அதை 48 மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

இரண்டாவது, சும்மா கிடக்கும் பிளக். "எதுக்கும் இருக்கட்டும்" என்று விட்டு வைத்ததற்கு எந்த ஆய்வும் துணை நிற்காது. வாய்வழி மருந்துக்கு மாறிவிட்டாரா, 24 மணி நேரமாக ஐவி எதுவும் போகவில்லையா? காலை ரவுண்டிலேயே டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.

மல்லி, பேச்சுக்கு முன்னால் உங்கள் வார்டில் ஒரு காலை நேரம் எண்ணிப் பாருங்கள்: எத்தனை பிளக், அதில் சும்மா கிடப்பது எத்தனை, டிரெஸ்ஸிங்கில் போட்ட தேதியும் நேரமும் இல்லாதது எத்தனை. நோயாளி பெயர் எதையும் குறிக்காதீர்கள், நர்ஸ் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.