அப்பாவும் அவர் ஃப்ரெண்டும் சேர்ந்து பாக்க ஒரு படம் வேணும்

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு படம் வேணுங்க, தேடித்தேடி ஓஞ்சு போய்ட்டேன். போன மாசம் அப்பாவையும் அவரோட நாப்பது வருஷ ஃப்ரெண்டையும் உக்கார வச்சு டாரன்டினோவோட 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்' (2019) போட்டேன். மார்க்கெட் போன நடிகரா டிகாப்ரியோ, அவருக்கு டூப் போட்டு, கார் ஓட்டி, கூரையேறி ஆன்டெனாவும் சரி பண்ற பிராட் பிட். அந்த எட்டு வயசுப் பொண்ணு காதுக்குள்ள வந்து, நான் பாத்ததுலயே பெஸ்ட் நடிப்பு இதுதான்னு சொன்னதும் டிகாப்ரியோ கண்கலங்குவாரே, அங்க அப்பா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. கடைசி ஆம்புலன்ஸ் சீன்ல அப்பாவும் அவர் ஃப்ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. கிளைமாக்ஸ் அடிதடி ரத்தம் மட்டும் ஆகல.

அப்புறம் 'சன்செட் பொலிவார்ட்' (1950) போட்டேன், கதை ரொம்ப இருட்டு. 'தி ஆர்டிஸ்ட்' (2011) மௌனப்படம்னு பாதில எந்திரிச்சுட்டாங்க, நாய் மட்டும் சூப்பராம். கொஞ்சம் கிட்ட வந்தது 'எட் வுட்' (1994), அதுல பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசி வர்ற இடமெல்லாம் அப்டியே ஒன்றிட்டாங்க.

இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கணும், ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடியணும், காசு கட்டிப் பாக்கறதும் ஓகே. ரத்தம் இல்லாம, ஓஞ்சு போன ஹாலிவுட் நடிகரோட நட்பக் காட்டற வேற படம் எது?