கான் வெட்டும் ஐயாவும் எங்கள் ஊர்க் குன்றும்

மலைநாட்டில் நடைபாதைகளைப் பராமரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் சிலர் திருகோணமலைக்கு வந்து எங்களோடு வேலை செய்தார்கள். உப்புவெளியிலிருந்து உள்ளே போனால், உச்சியில் வைரவர் சூலம் நிற்கிற சின்னக் குன்று. அதன் பாதை வருடா வருடம் அரித்து, வேர்கள் எல்லாம் வெளியே வந்து கிடந்தது.

வந்தவர்களில் மூத்தவர், தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டி ஓய்வு பெற்றவர். மண் கரைந்து போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வடிகாலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். படித்த பொறியியலாளர் யாராவது வருவார் என்றுதான் நாங்கள் இருந்தோம். ஐயாவோ வந்ததும் மண்வெட்டியைத் தொடவே இல்லை. போத்தல் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, அது ஓடுகிற பக்கமே குனிந்து பார்த்தபடி நடந்தார். பிறகு இன்னொரு இடம், இன்னொரு போத்தல்.

எங்கள் பொடியன்களுக்குச் சீமெந்துப் படி கட்டத்தான் ஆசை. ஐயா தலையாட்டவில்லை. "படி கட்டினா தண்ணி பக்கத்துல புது வழி தேடிக்கும் தம்பி. அப்புறம் படி அந்தரத்துல நிக்கும். தண்ணிய நிப்பாட்ட ஏலாது, திருப்பித்தான் விடணும்."

எங்களுக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதுவரை காய்ந்து இறுகிக் கிடக்கும் மண்ணில் திடீரென்று வெள்ளம். பாதை நேராகச் சரிவில் இறங்கினால் அதுவே வாய்க்கால் ஆகிவிடும். நடுவில் பள்ளம் விழுந்ததும் ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், ஓரத்துப் புல்லும் சாகும், பாதை அகலும். அதற்கு அவர் செய்த வைத்தியம், பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்வரிசை. கல்லில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகவேண்டும். அலவாங்கால் குழி தோண்டி, கல்லை இறக்கி, மேலே ஏறி நின்று உடம்பை ஆட்டிப் பார்ப்பார். ஒரு நூல் அசைந்தாலும் கல் வெளியே வரும், குழி மறுபடி தோண்டப்படும். மத்தியான வெயிலில் எங்களுக்கு அலுத்துப்போனது. அவருக்கு அலுக்கவே இல்லை.

விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் அந்தக் குன்றில் ஏறி இறங்குகிற ஒரு அம்மா வந்து, "என்ன தம்பி, வழியை மறிக்கிறீங்களோ?" என்று கேட்டார். ஐயா அவரைக் கல்லில் இருத்தி, பிளேன்டீ கொடுத்து, எந்த மாதம் எந்தப் பக்கம் வழுக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர் காட்டிய இரண்டு இடங்களும் எங்கள் வரைபடத்தில் இல்லை. குறுக்குவழியை அடைக்கச் சூரை முள் போடலாம் என்று ஒருவர் சொன்னதற்கும், "அந்தம்மா வெறுங்காலோட வர்றாங்க" என்று காய்ந்த கொப்புகளையே போடச் சொன்னார். எனக்கு அந்த ஆட்கள் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

அவர்களுடன் வந்திருந்த கணக்குப் பார்க்கும் தங்கச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். பகலில் எங்களோடு கல் சுமந்தார், இரவில் பற்றுச்சீட்டுகளை ஒட்டினார். பெயர்ப்பலகை வைக்கவும் புதுப்பாதை திறக்கவும் காசு கிடைக்கிறதாம். திறந்த பாதையின் கானில் அடைந்த மண்ணை அள்ள என்று கேட்டால் யாரும் தருவதில்லையாம். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம், அள்ளிய மண்ணுக்கு முன்னால் யார் நிற்பார்கள்? ஆனால் பாதை நிலைப்பது அந்த மண்ணை அள்ளுவதில்தான். காசு கொடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ளாதது எனக்கு உண்மையிலேயே கோபம்.

பொலித்தீன் பொறுக்குவதிலும் அவர்கள் கறார். திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் சொப்பிங் பையைத் தின்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, ஆனாலும் குன்றிலிருந்து சாக்குச் சாக்காக இறக்கினோம்.

அந்த மாரிக்குக் கல்வரிசைகள் அசையவில்லை. தண்ணீர் பக்கவாட்டில் பற்றைக்குள் இறங்கிப் போனதை மழைக்குள் போய் நின்று பார்த்தேன். ஐயாவுக்கு அழைத்துச் சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டு உடனே கேட்டார்: "கல்லுக்கு மேல்பக்கம் சருகு அடைஞ்சிருக்குமே, அள்ளிட்டீங்களா?"

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பருக்குள் அதை அள்ளவேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் மண்வெட்டியோடு வந்தால் ஒரு காலை வேலைதான்.