ஹீட்டர் ஓடினால் காஸ் பார்பிக்யூ தீ இறங்குகிறது: டொராண்டோ ஸ்கார்பரோவில் விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பின்வளவு டெக்கில் வைத்திருக்கும் பார்பிக்யூவை வீட்டு இயற்கை எரிவாயு லைனில் இணைத்திருக்கிறோம். பேஸ்மென்டில் தண்ணீர் ஹீட்டர் எரியத் தொடங்கியதும் தீ பாதியாக இறங்கிவிடுகிறது. காற்றடித்தால் அணைந்தும் போகிறது. மூடிக்குள் எரியாத வாயு தேங்கிவிடுமே என்பதுதான் பெரிய பயம். பிள்ளைகள் ஓடித் திரிகிற இடம். இப்போதைக்கு வால்வை அடைத்து வைத்திருக்கிறோம்.

நான்கு பர்னர், ஒரு பக்க அடுப்பு, மொத்தம் மணிக்கு 60,000 பிடியூ (வெப்ப அளவு). புரொப்பேனிலிருந்து மாற்றியது இல்லை, இயற்கை எரிவாயுவுக்கென்றே வந்த மாடல். மே மாதம் டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் உள்ள டெக்னீஷியன் லைன் போட்டார்: ஹீட்டருக்குப் போகும் அரை அங்குலக் குழாயிலிருந்து ஒரு கிளை, சுமார் 40 அடி, முடிவில் ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கனெக்ட்.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், எங்கும் குமிழி வரவில்லை. ஹோஸைக் கழற்றி மாட்டினோம். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும் என்றார்கள், அதையும் துலக்கியாயிற்று. ஹீட்டர் ஓடாதபோது தீ நீலமாக நன்றாகவே எரிகிறது. அதனால் குழாயின் அளவு போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டெக்னீஷியனோ மீட்டர் பக்க அழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்கிறார். வீட்டுக்குள் வழக்கமாக இருக்கும் வாயு அழுத்தம் 7 அங்குலம் (நீர்மட்ட உயரக் கணக்கில்). அதைக் கூட்டினால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சமையல் அடுப்பும் என்ன ஆகும்? மனம் ஒப்பவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிட்டு மானோமீட்டரில் (அழுத்தமானி) வாயு அழுத்தத்தை அளந்து பார்க்காமல், மீட்டரிலிருந்து முக்கால் அங்குலத் தனி லைனுக்கு நேரே போய்விடலாமா?