மேகமூட்ட நாளில் சோலார் எவ்வளவு தரும்? லிந்தாங் ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கணக்கு

பால்மரம்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் பக்கம் அப்பாவின் நிலத்தில் ஆடு வளர்க்கிறோம். தெனாகா (மின்சாரக் கம்பெனி) கம்பி அங்கே வரவில்லை, இழுத்து வர ஆகும் செலவில் இன்னொரு மந்தையே வாங்கிவிடலாம். அதனால் சோலார். 550 வாட் பேனல் நான்கு, 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி ஒன்று என்று கடைக்காரர் விலை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் மோட்டார், ராத்திரி விளக்கு, தடுப்பு மருந்து வைக்க ஒரு சின்ன ஐஸ்பெட்டி, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3 யூனிட் போகும். மழை மாதத்தில் என்ன செய்வது என்று கேட்டால் "மேகமாக இருந்தாலும் 70 சதவீதம் வரும், பயப்படாதீங்க" என்கிறார். பக்கத்து நிலத்துக்காரரோ 10 சதவீதம்கூட வராது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

மீட்டர்காரன்:
இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் தம்பி. தினம் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது வேலையற்ற வேலை. உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் இலவசமாகக் கிடைக்கிறது, வரைபடத்தில் உங்கள் நிலத்தைத் தொட்டால் மாதவாரியாக எவ்வளவு வரும் என்று காட்டும். பல வருடச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த சராசரி, மேகம் மழை எல்லாம் அதில் ஏற்கெனவே கழிந்துதான் வருகிறது. நம் பேராக் பக்கம் ஒரு கிலோவாட் பேனலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை யூனிட் என்று வையுங்கள். உங்களுடையது 2.2 கிலோவாட், ஆக ஏழரைக்கு மேல் வரும். தேவை 3. இரண்டு மடங்குக்கும் அதிகம், அப்புறம் என்ன கவலை? என் வீட்டில் நெம் திட்டத்தில் (மிஞ்சும் சோலார் மின்சாரத்தைத் தெனாகாவிடம் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்வது) போட்டிருக்கிறேன், ஒரு நாள் கொட்டும், ஒரு நாள் ஒன்றுமே இருக்காது, மாதக் கடைசியில் பில் சரியாகத்தான் வருகிறது.

வயர்மேன்:
மீட்டர்காரன் அண்ணே, உங்கள் வீட்டுக்குத் தெனாகாதான் பேட்டரி. பகலில் மிஞ்சியதை அவர்களிடம் தள்ளுகிறீர்கள், ராத்திரியும் மழை நாளும் அவர்களிடமிருந்து எடுக்கிறீர்கள், மாதக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். அதனால் உங்களுக்குச் சராசரி போதும். (அந்த நெம் கதவும் 2025 ஜூன் 30-உடன் புதியவர்களுக்கு மூடியாயிற்று, அது வேறு விஷயம்.) இந்தத் தம்பிக்குக் கம்பியே கிடையாது. வெயில் நாளில் 9 யூனிட் வந்தாலும் பேட்டரி நிரம்பியதும் மிச்சம் வீண்தான். அந்த மிச்சத்தை வியாழக்கிழமை மழைக்கு எடுத்து வைக்க முடியாது. அவர் கேட்க வேண்டியது சராசரி எவ்வளவு என்று இல்லை, தொடர்ந்து எத்தனை நாள் இருட்டாக இருக்கும், அந்த நாட்களில் எவ்வளவு வரும் என்றுதான்.

கணக்கு டீச்சர்:
அதற்கும் சூத்திரம் இருக்கிறது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம் என்று பார்ப்பது வானிலைக்காரர்கள் வழக்கம். காஸ்டன், செப்ளாக் என்ற இரண்டு பேர் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 10 வருடம் பதிவான கணக்கை வைத்து 1980-இல் ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். மேகப் பங்கை எட்டால் வகுத்து, 3.4 அடுக்குக்கு உயர்த்தி, 0.75-ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து கழியுங்கள். பாதி வானம் மூடினால் 93 சதவீதம் ஒளி வரும். ஆறு பங்கு மூடினால் 72. ஏழு என்றால் 52. முழுக்க மூடினால் 25. பாருங்கள், கடைக்காரர் சொன்ன 70 சுத்தப் பொய் இல்லை, அது ஆறு பங்கு மேகத்துக்கு உரிய எண். அவருக்கு எட்டுப் பங்கு நாள் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வயர்மேன்:
டீச்சர், கணக்கு சரி. ஆனால் ஹாம்பர்க் மேகம் வேறு, நம் மேகம் வேறு. அங்கே நாள் முழுக்கப் போர்வை போர்த்திய மாதிரி ஒரே கனத்தில் நிற்கும். இங்கே மத்தியானத்துக்கு மேல் மலைப் பக்கமிருந்து கறுத்து எழும்பி வருவது பல கிலோமீட்டர் உயரம் நிற்கும் இடி மேகம், அதன் அடியில் பட்டப்பகலிலேயே 10 சதவீதத்துக்குக் கீழே போகும். அதே நாளில் காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை சுள்ளென்று வெயில் அடித்திருக்கும். அந்த நாளை மேக நாள் என்பீர்களா, வெயில் நாள் என்பீர்களா? மழைமானியில் நிறையப் பதிவாகும், பேட்டரியோ மழைக்கு முன்னாடியே நிரம்பியிருக்கும்.

பழைய மண்டோர்:
நான் ஒன்று சொல்லலாமா. ரப்பர் எஸ்டேட்டில் காலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டிலே நிற்காது, வழிந்து வீணாகிவிடும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாளெல்லாம் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் வருகைப் பதிவேட்டில், இருக்கும். லிந்தாங் பக்கம் பழைய கிராணியார் (எஸ்டேட் எழுத்தர்) யாரிடமாவது கேட்டால் எந்த மாதத்தில் எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். செயற்கைக்கோள் எதற்கு?

மீட்டர்காரன்:
ஐயா, ராத்திரி பெய்த மழையில் மரம் நனைந்திருக்கும், பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். வெட்டு இல்லாத நாளில் சோலார் நன்றாகவே ஓடும். வெட்டு நடந்த நாளில் பன்னிரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டும் வரும்.

பழைய மண்டோர்:
அதுவும் நடக்கும். ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வருகிற மழை இருக்கிறதே, அது போன பிறகும் பல நாள் வானம் தெளியாமல் மத்தியானம் வரை வெளுத்த மாதிரியே இருக்கும். அந்த மாதிரி நாளெல்லாம் செக்ரோலில் விழுந்திருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பால்மரம்:
நேற்று மத்தியானம் வானம் முழுக்கச் சாம்பல். கடைக்காரர் மாதிரிக்கு விட்டுப் போன ஒரு பேனலில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 46 வோல்ட் காட்டியது. பின்பக்க ஸ்டிக்கரில் 49.8 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 90 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்றுதானே அர்த்தம்? கடைக்காரர் தன் வேறொரு வாடிக்கையாளரின் இன்வெர்ட்டர் படத்தையும் அனுப்பியிருக்கிறார், மேகம் சூழ்ந்த நாளில் 2,200 வாட் பேனல்கள் 2,300-க்கு மேல் காட்டுகின்றன.

வயர்மேன்:
தம்பி, வோல்ட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும், பேனலின் குணம் அப்படி. ஒளியோடு கூடவே ஏறி இறங்குவது ஆம்பியர். அதே ஸ்டிக்கரில் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் என்று ஒன்று இருக்கும், 550 வாட் பேனலுக்கு 14 ஆம்பியர் அளவில் இருக்கும். தனியாக இருக்கும் அந்த ஒரு பேனலின் இரண்டு முனைகளையும் சேர்த்து, டிசி பார்க்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றி மாட்டுங்கள். வெறும் ஏசி கிளாம்ப் என்றால் பூஜ்யம்தான் காட்டும், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். 14-க்கு எத்தனை வருகிறதோ அதுதான் ஏறக்குறைய அந்த நேரத்து ஒளியின் சதவீதம். ஒன்று, பிரிக்கும்போது வெயிலில் பிரிக்காதீர்கள், பொறி பறக்கும். பேனல் மேல் கனமான துணியைப் போட்டு மூடிவிட்டுக் கழற்றுங்கள். நான்கையும் கோத்த பிறகு இந்த விளையாட்டே வேண்டாம்.

அந்தப் படம் பொய்யில்லை. மேகத்தின் ஓரத்தில் சூரியன் எட்டிப் பார்க்கும் நொடிகளில் நேர் வெயிலும் மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து விழும், அதுவரை மூடியிருந்ததால் பேனலும் சூடு குறைந்து இருக்கும். அப்போது ஸ்டிக்கரில் உள்ளதைத் தாண்டிக் காட்டும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். படம் எடுத்தவர் அந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறார். அன்றைக்கு முழு நாள் எத்தனை யூனிட் என்று கேளுங்கள், பதில் வருகிறதா பார்ப்போம்.

கணக்கு டீச்சர்:
சூட்டைப் பற்றிச் சொன்னது நல்லது. மேக நாளில் பேனல் குளிர்ச்சியாக இருப்பதால் இழப்பு சரிக்கட்டிவிடும் என்று சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும், ஸ்டிக்கர் அளவு 25 டிகிரிக்கு. டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தால் 14 சதவீதம் இழப்பு. அது முழுக்கத் திரும்பி வந்தாலும் ஒளியில் போன 75-க்கு ஈடாகுமா?

பால்மரம்:
பார்த்தேன். சாம்பல் வானத்தில் 2.6 ஆம்பியர். மழை இறங்கும் முன் 1-க்கும் கீழே போனது.

வயர்மேன்:
2.6 என்றால் 18, 19 சதவீதம். சரி, இப்போது கணக்கைப் பாருங்கள். நாள் முழுக்க அப்படியே மூடியிருந்தால், வெயில் நாளின் 9 யூனிட்டில் அந்தப் பங்குதான், உங்கள் நான்கு பேனல்களும் சேர்ந்து ஒன்றரையிலிருந்து 2 யூனிட் தரும். செலவு 3. தினம் ஒன்று, ஒன்றரை யூனிட் பேட்டரியிலிருந்து போகும். 5 யூனிட் பேட்டரியில் நாலு, நாலரைதான் எடுக்கலாம். மூன்று நாள் தாங்கும், முதல் நாள் காலையில் அது நிரம்பியிருந்தால். அக்டோபர், நவம்பரில் அப்படி நிரம்பியிருக்காது. இதற்குப் பேட்டரியைப் பெரிதாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். இன்னும் இரண்டு பேனல் போடுங்கள். 3.3 கிலோவாட் ஆகும், இருட்டு நாளிலும் இரண்டரை வந்துவிடும், பேட்டரிக்கு வேலையே குறைவு. பேனல் விலைக்கும் பேட்டரி விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர் ஆறையும் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டர்காரன்:
வருடத்தில் சில நாளுக்காக இரண்டு பேனல், கம்பி, தாங்கி எல்லாம் வாங்கச் சொல்கிறீர்கள். மற்ற நாளெல்லாம் அவை சும்மா காயும். அந்தக் காசுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி மூலையில் போட்டால் தீர்ந்தது. அட்லஸில் நவம்பர் எண்ணை எடுத்துப் போட்டாலும் 3 யூனிட்டுக்கு மேல்தான் நிற்கிறது.

வயர்மேன்:
நவம்பர் எண்ணும் முப்பது நாள் சராசரிதான் அண்ணே. ஐஸ்பெட்டியில் இருக்கிற மருந்துக்குச் சராசரி தெரியாது. ஜெனரேட்டர் நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு லிந்தாங் வரை போய் அதை இழுத்து ஸ்டார்ட் பண்ணப் போவது நீங்களா?

பால்மரம்:
அப்பாவிடம் பேசினேன். ஆறு பேனல் என்று முடிவு. கொட்டகைக் கூரை கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது, அப்படியே கிடத்தலாமா, சாய்க்க வேண்டுமா?

கணக்கு டீச்சர்:
மேக நாளில் ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருவதால் தட்டையாக இருப்பது கெடுதல் இல்லை, நாம் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வெயில் நாளிலும் பெரிய நஷ்டம் கிடையாது. ஆனால் ஒரு 10 டிகிரியாவது சாயுங்கள், இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் ஓரத்தில் தேங்கிப் பாசி பிடிக்கும். பக்கத்தில் செம்பனை உயரமாக இருந்தால் அது வானத்தை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டர்காரன்:
ஜெனரேட்டரையும் விலை கேட்டு வையுங்கள் தம்பி. போன வாரம் சாப்பாட்டுக்கடையில் ஒருவர் பழையது ஒன்று விற்கப் போவதாகச் சொன்னார், வேண்டுமானால் கேட்டுச் சொல்கிறேன்.