அமெரிக்காவுக்கு விதை அனுப்ப வழி தெரியவில்லை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அம்மா சாம்பலில் புரட்டிக் காயவைத்த வரிக்கத்தரி, தண்டுக்கீரை விதைகளை ஜனவரியில் நியூஜெர்சி அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஃபைட்டோசானிட்டரி சான்றிதழ் (விதையில் பூச்சி, நோய் இல்லையென்று அனுப்பும் நாட்டு அரசு தரும் சான்று) இல்லையென்று அங்கே பிடித்து அழித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ரொம்ப வருத்தம்.

அப்புறம் அக்கா, சிறு அளவு விதைக்கான இறக்குமதி அனுமதி வாங்கிவிட்டாள். அது இருந்தால் சான்றிதழ் வேண்டாம். பாக்கெட்டுக்கு 50 விதை அல்லது 10 கிராமுக்கு மேல் கூடாது, மேலே தாவரவியல் பெயர் வேண்டும், பார்சல் வீட்டுக்கு அல்ல, அமெரிக்க வேளாண் துறையின் தாவரச் சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கான பச்சை மஞ்சள் லேபிளும் கையில் இருக்கிறது. இந்த முறை சாம்பல் ஒட்டாமல் துடைத்தும் வைத்துவிட்டேன்.

ஆனால் தபால் நிலையத்தில் இரண்டு முறை அனுமதித் தாளைக் காட்டியும் சான்றிதழ்தான் கேட்கிறார்கள். கூரியரில் விதை என்றாலே எடுப்பதில்லை.

இந்த அனுமதியை மட்டும் வைத்து, சான்றிதழ் இல்லாமல், தமிழ்நாட்டிலிருந்து யாராவது தபாலில் அனுப்பியிருக்கிறீர்களா?